சோழவரம் முதல் கோடியக்கரை வரை: நம் ஊரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்

தஞ்சாவூரில் கிளம்பி மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று போய்க்கொண்டே இருந்தால் சாலை கோடியக்கரையில் முடிந்துவிடும். அதற்கு அப்புறம் கடல்தான். வழி முழுக்க ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். ஊருக்கு ஊர் வேகத்தடை. அகஸ்தியம்பள்ளி தாண்டினால் உப்பளம், பிறகு வெளிமான் சரணாலயம். இந்த ரோட்டில் ஓட்டுவதற்கு ஒருத்தர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறார் என்றால் ஊரே சிரிக்கும். அதுவும் பழைய கார், கியரைக் கையால் மாற்றி ஓட்டும் கார் என்றால் வீட்டில் கேட்கவே வேண்டாம். "அந்தக் காசுக்குப் புது வண்டியே வாங்கலாமே!" என்பதுதான் முதல் வசனம்.

நியாயமான வசனம்தான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஐம்பது அறுபது வருட வரலாறு இருக்கிறது. மற்ற நாடுகளில் ஸ்போர்ட்ஸ் காரைப் புதிதாக ஒருவர் வாங்குவார், பிறகு அது பழையதாகி அடுத்தவர் கைக்குப் போகும். நம் ஊரில் அப்படி நடக்கவே இல்லை. இங்கே ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஆரம்பம் முதலே பழைய கார்தான். யாரோ ஓட்டி முடித்த சாதாரண வண்டியை வேறு யாரோ பிரித்து, குறைத்து, முறுக்கேற்றிச் செய்தது. அந்தக் கதை தெரிந்தால் இன்று ஒரு பழைய காரின் முன்னால் நிற்பவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதும் கொஞ்சம் தெரியும்.

முதலில், ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன?

வேகமாகப் போகும் கார் எல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிடாது. இரண்டு பேர் உட்காரும் இடம், தரையோடு ஒட்டிய உயரம், குறைந்த எடை, திருப்பத்தில் சொன்னபடி கேட்கும் ஸ்டீயரிங். எஞ்சின் பெரிதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இங்கிலாந்தில் விற்ற எம்.ஜி. டி.சி. காரின் எஞ்சின் வெறும் 1,250 சிசி. அங்கே தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அதை ஓட்டிப் பார்த்து மயங்கி, ஊருக்குத் திரும்பிய பின்னும் அதைத் தேடினார்கள். அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் மோகம் பரவியதில் அந்தக் குட்டிக் காருக்கு ஒரு பங்கு உண்டு.

இந்தக் கார்களின் உயிர் கியர்பாக்ஸில்தான். சின்ன எஞ்சினுக்கு ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்குள்தான் முழு பலம் இருக்கும். அந்த எல்லைக்குள் எஞ்சினை வைத்திருக்கும் வேலை ஓட்டுநருடையது. எப்போது இறக்குவது, எப்போது ஏற்றுவது என்று காதும் காலும் சேர்ந்து முடிவு செய்யும். அந்தக் காலத்து கியர்பாக்ஸ்கள் பலவற்றில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது வேறு வேறு வேகத்தில் சுற்றும் பற்களைச் சமப்படுத்தும் ஏற்பாடு இல்லை. 1928ல் காடிலாக் கார்களில் இந்த வசதி வந்துவிட்டாலும், சின்னக் கார்களின் முதல் கியருக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை ஓடும் வண்டியை முதல் கியருக்குக் கொண்டுவர ஒரே வழி டபுள் க்ளட்ச். க்ளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி மிதித்து கியர் போடுவது. தப்பினால் 'கர்ர்ர்' என்று ஊருக்கே கேட்கும்!

மூன்று கம்பெனி, ஒரு நீண்ட வரிசை

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் கார் என்றால் மூன்று பெயர்கள்தான். கல்கத்தா பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். எந்த கம்பெனி எந்த மாடல் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதற்கெல்லாம் லைசென்ஸ். வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு, மிஞ்சினால் மலையளவு வரி.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு சுவாரஸ்யமான பாடம் இருக்கிறது. பொருளாதாரப் புத்தகப்படி கார் என்பது ஷோரூமை விட்டு வெளியே வந்த நிமிடம் முதல் மதிப்பு குறையும் சொத்து. ஆனால் அன்றைக்கு ஃபியட் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் புதிதாக டெலிவரி எடுத்த ஃபியட்டை மறுநாளே விற்றால் வாங்கிய விலையை விட அதிகம் கிடைக்கும்! தேய்மானம் தலைகீழாகிவிட்ட சந்தை அது.

இப்படிப்பட்ட சந்தையில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் காருக்கு யார் லைசென்ஸ் கொடுப்பார்கள்? குடும்பத்தோடு போக ஒரு வண்டி கிடைப்பதே வரம். வெளிநாட்டுத் தூதரகங்கள் இங்கே கொண்டுவந்து பயன்படுத்திய கார்களை அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலமாக விற்பார்கள். வசதி படைத்தவர்கள் டெண்டர் போட்டு எடுத்தார்கள். மற்றபடி சுதந்திரத்துக்கு முன்பே ராஜாக்களும் வெள்ளைக்காரர்களும் வைத்திருந்த கார்கள் கைமாறின. இரண்டு வழியிலும் கிடைத்தது பழைய கார்தான் என்பதைக் கவனிக்கவும்.

பெருங்களத்தூரில் பிறந்த ஒன்றுவிட்ட தம்பி

ஸ்டாண்டர்டு கம்பெனி 1948ல் தொடங்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் – வண்டலூர் பக்கம் அதன் ஆலை. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு எட்டு, பத்து என்று வந்து, 1961ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது.

ஹெரால்டின் மூலம் இங்கிலாந்தில் 1959ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த உடல். அப்போது மற்ற கம்பெனிகள் சேஸிஸும் உடலும் ஒன்றாக இருக்கும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. டிரையம்ஃபுக்கு அப்படிப்பட்ட உடலைச் செய்து தரும் ஆலை கிடைக்கவில்லை. அதனால் பழைய முறைப்படி தனி சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் உடல் என்று செய்தார்கள். இந்தக் குறையே ஹெரால்டை சென்னை மாதிரி ஊர்களில் பூட்டி ஓட்டுவதற்குத் தோதான காராக ஆக்கியது.

சரி, இதில் ஸ்போர்ட்ஸ் கார் எங்கே? 1962ல் டிரையம்ஃப் இதே சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே தாழ்வான இரண்டு இருக்கை உடலைப் போட்டு ஸ்பிட்ஃபயர் என்ற காரை விட்டது. உலகப் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். 1980 வரை விற்றது. ஹெரால்டின் முன்பக்க சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், எஞ்சின் குடும்பம், கியர்பாக்ஸ் எல்லாம் ஸ்பிட்ஃபயருக்கு நெருங்கிய சொந்தம். இரண்டிலும் பானெட் மட்டும் திறக்காது. முன்பக்க மட்கார்டு, விளக்கு உட்பட மூக்கு முழுவதும் முன்னால் கவிழும். ஆக, நம் ஊர் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிக்கொண்டு போன ஹெரால்டு, ஒரு நிஜ ஸ்போர்ட்ஸ் காரின் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை.

இன்னொரு விஷயமும் உண்டு. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே சீட்டு, அதில் மூன்று பேர் உட்கார வேண்டும், அதற்காக இந்த ஏற்பாடு. ஹெரால்டில் கியர் தரையில், ஓட்டுபவரின் தொடைக்குப் பக்கத்தில், குட்டையான கம்பியாக இருந்தது. எஞ்சின் வெறும் 948 சிசி. ஆனால் தரையிலிருந்து கியர் போட்டு, ரொம்பச் சின்ன வட்டத்தில் திரும்பும் அந்தக் கார் ஓட்டுவதற்குத் தனி ருசி. அன்றைய மூன்று கார்களில் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பக்கத்தில் வந்தது எது என்றால் பெருங்களத்தூர் கார்தான்.

குறையும் இருந்தது. பின் சக்கரங்களுக்கு ஸ்விங் ஆக்ஸில். திருப்பத்தில் வேகமாகப் போய்விட்டுப் பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் தூக்கிக்கொண்டு சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். வாய்க்கால் கரை வளைவுகளில் இந்தப் பழக்கம் தெரியாமல் ஓட்டினால் வண்டி வாய்க்காலில்தான் நிற்கும்.

ஹெரால்டு 1971 வரை வந்தது. அதன் பிறகு வந்த நான்கு கதவு கஸல் 1970களின் பிற்பகுதியோடு நின்றது.

சோழவரம்: ஓடுதளத்தில் ஓடிய பழைய கார்கள்

ஓட்ட ஆசை இருக்கிறது, கார் இல்லை. என்ன செய்வது? இருக்கும் காரையே மாற்ற வேண்டியதுதான்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. கருண் சந்தோக்கின் தாத்தா இந்து சந்தோக் அதன் நிறுவனர்களில் ஒருவர். சோழவரம் பந்தயம் பிறகு தென்னிந்தியாவின் பெரிய திருவிழா ஆகிவிட்டது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள், வெயில், தூசி, ஓரத்தில் வைக்கோல் கட்டுகள்.

அங்கே ஓடியவை என்னென்ன? கோண்டால் மகாராஜா போன்றவர்கள் கொண்டுவந்த ஜாகுவார்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சீட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, கார்புரேட்டரை மாற்றிய ஃபியட்டுகள், ஹெரால்டுகள், அம்பாசடர்கள், பழைய எஞ்சினைப் புதிய குழாய்ச் சட்டத்தில் வைத்துக் கொல்லைப்புறத்தில் கட்டிய வண்டிகள். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் ஃபார்முலா ஒன் கார்கூட ஐரோப்பாவில் ஓடி ஓய்வுபெற்றதுதான். பணக்காரருக்கும் பழைய கார், மெக்கானிக்குக்கும் பழைய கார். சமத்துவம் என்றால் இதுதான் போலும்!

இந்த உலகத்தின் மிகப் பெரிய ஆள் கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன். பந்தயத்தில் ஓட்டினார், கார்களையும் கட்டினார். 1983 டிசம்பரில் மாருதி 800 சந்தைக்கு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், தரையில் கியர், நல்ல சிங்க்ரோமெஷ். வீட்டுக்காரர்கள் அதில் சிக்கனத்தைப் பார்த்தார்கள். கரி அதில் ஒரு பந்தயக் காரைப் பார்த்தார். 1988ல் மாருதி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களாகச் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி, குறைந்த செலவு, கிடைக்கும் உதிரிபாகம். 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வந்து, சோழவரத்தின் காலம் முடிந்தது. கரிவரதன் 1995ல் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்த கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். செட்டிபாளையத்தில் 2003ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்குகிறது.

புலித்தோல் போர்த்திய கார்

1985ல் பெருங்களத்தூரிலிருந்து ஒரு பெரிய அறிவிப்பு. ஸ்டாண்டர்டு 2000 வருகிறது! ரோவர் எஸ்.டி.1 உடல். 1977ல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது பெற்றது. இங்கிலாந்தில் 3,500 சிசி எட்டு சிலிண்டர் எஞ்சினோடு பந்தயங்களில் ஜெயித்தது. பார்த்தாலே எச்சில் ஊறும் வடிவம்.

ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது பழைய வான்கார்டு காரின் எஞ்சின் வழிவந்த 1,991 சிசி எஞ்சின். 1940களின் வடிவமைப்பு. இந்த எஞ்சின் குடும்பத்துக்கும் ஒரு பெருமை உண்டு. 1953ல் வந்த டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதன் உடன்பிறப்புதான். ஃபெர்குசன் டிராக்டரில் இருந்ததும் இதே குடும்பம்தான்! வயலில் உழுத எஞ்சினும் பந்தயத்தில் ஓடிய எஞ்சினும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் முப்பது வருடம் கழித்து, கனமான ரோவர் உடலை இழுக்கச் சொன்னபோது அது மூச்சு வாங்கியது. விலையோ மாருதியைப் போலப் பல மடங்கு. 1988ல் தயாரிப்பு நின்றது, கம்பெனியின் கார் கதையும் முடிந்தது. ஆலை இருந்த இடத்தில் பிற்பாடு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்கள் எழுந்தன.

பழைய கார் வாங்குபவர் இந்தக் கதையை மறக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரிவது உடல். காசு போவது உள்ளே இருப்பதற்கு.

கதவு திறந்தது, கார் வரவில்லை

1991க்குப் பிறகு தாராளமயம். 1993ல் கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்றானது. ஸ்போர்ட்ஸ் கார் மழை பெய்யும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். 1998ல் கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கை ஃபைபர் கார் வந்தது. ரெனோவின் 1,149 சிசி எஞ்சின், ஐந்து கியர். தைரியமான முயற்சி, ஆனால் கொஞ்சம் பேர்தான் வாங்கினார்கள்.

உண்மையான மாற்றம் வேறு பக்கம் நடந்தது. 1998ல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர், 1999ல் மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான் என்று ஒழுங்கான எஞ்சினும் ஒழுங்கான சேஸிஸும் கொண்ட குடும்பக் கார்கள் தமிழ்நாட்டிலேயே உருவாகின. ஐகானின் 1.6 லிட்டர் பெட்ரோல் மாடலும், 2006ல் வந்த லான்சர் சீடியாவும் ஓட்டுவதில் பிரியம் உள்ளவர்களின் செல்லப்பிள்ளைகள் ஆயின. சீடியா தேசிய ராலிப் போட்டிகளில் வருடக்கணக்கில் ஓடியது. இன்று நம் ஊரில் "பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கிறேன்" என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் தேடுவது இந்த மாதிரிக் கார்களைத்தான். நான்கு கதவு, குடும்பக் கார், ஆனால் கியர் போட்டால் உயிர் வரும். ஹெரால்டின் மரபு அப்படியே தொடர்கிறது.

ஜப்பான்காரர்கள் 1989ல் செய்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 மாதிரி கார்களை வெளிநாட்டில் மாணவர்கள்கூட செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார்கள். இங்கே ஏன் முடியாது? சட்டம். 2001ல் பழைய கார் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடு நீங்கியபோது வேறு நிபந்தனைகள் வந்தன. தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது, வலதுபக்க ஸ்டீயரிங், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே, அதற்கு மேல் கனமான வரி. இருபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஒரு சாதாரண ஆள் நேர்வழியில் கொண்டுவரவே முடியாது என்பதுதான் இதன் அர்த்தம்.

வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டியது

முதலில் காகிதம். மேலே சொன்ன சட்டத்தினால்தான் குறுக்குவழிகள் முளைத்தன. 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை 'நும்கூர்' என்ற பெயரில் பெரிய சோதனை நடத்தியது. பூட்டான் வழியாகக் கள்ளத்தனமாக வந்தவை என்ற சந்தேகத்தில் பழைய சொகுசுக் கார்கள் பறிமுதல் ஆயின. இப்படிச் சிக்கினால் வண்டி போய்விடும், கட்டிய பணமும் திரும்பாது. வெளிநாட்டுக் கார் என்றால் இறக்குமதி ஆவணம், சேஸிஸ் எண், எஞ்சின் எண் மூன்றும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று. டெல்லியில் வயதைக் காரணம் காட்டி ஒதுக்கப்படும் கார்கள் பல ஊர்களுக்கு வருகின்றன. மலிவாகத் தெரியும். இங்கே கொண்டுவந்து மறுபதிவு செய்யும்போது கட்டும் வரியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

தனியார் காரின் பதிவு 15 வருடம். அதற்கு அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025ல் 10,000 ஆக்கினார்கள். 50 வயது கடந்து, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021ல் தனி 'விண்டேஜ்' பதிவு வந்தது. பத்து வருடத்துக்கு 20,000 ரூபாய். ஆனால் அந்தப் பதிவில் தினமும் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். சென்னையில் பிறந்த ஹெரால்டுகள் எல்லாமே இப்போது இந்த வயதைத் தாண்டிவிட்டன.

இரண்டாவது மாற்றங்கள். கரிவரதன் செய்த மாதிரி எஞ்சினை மாற்றி, உடலை வெட்டி ரோட்டில் ஓட்டலாம் என்று நினைத்தால் தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பந்தயத் தடத்தில் ஓடுவது வேறு, திருத்துறைப்பூண்டி ரோட்டில் ஓடுவது வேறு.

மூன்றாவது துரு. டெல்டாக்காரர்களுக்கு இது தனிப் பாடம். வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் உப்பளக் காற்று இரும்பைச் சும்மா விடாது. மேலே பெயிண்ட் பளபளக்கும். அடியில் சேஸிஸ் பொரியாக இருக்கும். ஹெரால்டு மாதிரி தனி சேஸிஸ் கார் என்றால் பக்கவாட்டுக் கைகளும் டிக்கியின் அடியும் முதலில் போகும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒரு ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்ப்பது நல்லது. 'டங்' என்றால் நிம்மதி, 'சொத்' என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

நான்காவது கியர்பாக்ஸ். எஞ்சின் சூடான பிறகு இரண்டாவது கியருக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். பல் கடிக்கும் சத்தம் வந்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை விட்டால் கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளக்கூடாது. மேல் கியரில் மெதுவாகப் போகும்போது அழுத்தி மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தி, வண்டி வேகம் பிடிக்கவில்லை என்றால் க்ளட்ச் வழுக்குகிறது. இதெல்லாம் சரிசெய்யக்கூடியவைதான். ஆனால் அந்தச் செலவு விலையில் குறைய வேண்டும்.

ஐந்தாவது பெட்ரோல். பங்குகளில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய பல வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை கிடையாது. பழைய கார்களின் ரப்பர் குழாய், வாஷர், கார்புரேட்டர் எல்லாம் அதில் கெட்டுப்போகும். கரும்பு, மக்காச்சோளத்தோடு உணவுக் கழகத்தின் உபரி அரிசியிலிருந்தும் இந்த எத்தனால் தயாராகிறது. டெல்டாவில் விளைந்த நெல்லே பழைய காரின் குழாயை அரிக்கலாம் என்பது ஒரு வேடிக்கை!

கடைசியாகக் கணக்கு. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு இன்சூரன்ஸ் மதிப்பு அட்டவணைப்படி கிடையாது, பேசி முடிவு செய்வதுதான். அதனால் பேச வேண்டும். தனி ஆளிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. டீலரிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மீது 18 சதவீதம் அவர் கட்டுவார், அது எப்படியும் விலைக்குள் வந்து உட்காரும். வாங்கும் விலையை ஒரு பங்கு என்று வைத்தால், முதல் இரண்டு வருட வேலைகளுக்கு இன்னொரு பங்கு கையில் இல்லாமல் இறங்குவது ஆபத்து. கடன் வாங்கி இறங்குவது அதைவிட ஆபத்து.

அப்படியென்றால் ஏன் வாங்க வேண்டும்?

நேர்மையான பதில்: கணக்குப்படி வாங்கக்கூடாது. இதில் லாபம் பார்த்தவர்கள் குறைவு. "நாளைக்கு விலை ஏறும்" என்று சொல்லி விற்பவரைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. 2014ல் மாருதி செலேரியோ வந்ததிலிருந்து, க்ளட்ச் மிதிக்கத் தேவையில்லாத மலிவான கார்கள் நம் ஊரிலும் பரவிவிட்டன. நல்லதுதான். தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் மாலை ஆறு மணிக்கு ஓட்டுகிறவரைக் கேட்டால் தெரியும். போருக்குப் பின் சிப்பாய்களை மயக்கிய அதே எம்.ஜி. பெயரில் 2025ல் இந்தியாவுக்கு ஒரு இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. மின்சாரக் கார். அதில் மாற்றுவதற்கு கியரே கிடையாது. அந்தப் பழைய வேலை இனி பழைய கார்களில் மட்டும்தான் மிஞ்சும்.

சோழவரத்து ஆட்கள் அந்த வேலையைத்தான் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடம் நல்ல கார் இல்லை. இருந்த காரை அக்கக்காகப் பிரித்துத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்திலிருந்துதான் கோயம்புத்தூரில் ஒரு பந்தயத் தொழிலே வளர்ந்தது. பழைய காரை வாங்குபவருக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான வருமானம் அந்த அறிவுதான். அது வேண்டும் என்பவர் காகிதத்தைச் சரிபார்த்து, அடியில் தட்டிப் பார்த்து, கையில் உபரிக் காசோடு வாங்கட்டும். வேண்டாம் என்பவர் வீட்டில் சொல்வதைக் கேட்டு அந்தக் காசுக்குப் புது வண்டியே வாங்கிவிடலாம். கோடியக்கரைக்கு இரண்டிலும் போகலாம். சரணாலயத்துக்குள் மட்டும் யாராக இருந்தாலும் இரண்டாவது கியர்தான்... மான் குறுக்கே வரும்!